தேசத் திட்டமும் தீர்மானப் புத்தகமும்

கூட்டுறவு ஆய்வாளன் ஒரு சங்கத்துக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது ரொக்கப் புத்தகம். அடுத்துக் கேட்பது தீர்மானப் புத்தகம். முன்னது சங்கத்தின் கையிருப்பைச் சொல்லும். பின்னது சங்கத்துக்கு உயிர் இருக்கிறதா என்பதைச் சொல்லும். எனது சரகத்திலுள்ள நெசவாளர் சங்கம் ஒன்றில், அதன் பெயர் இங்கே வேண்டாம், ஆண்டு மகாசபையின் குறிப்பைப் புரட்டினேன். நூற்றுக்கு மேற்பட்ட கையெழுத்துகள் வரிசையாக இருந்தன. கூட்டம் நடந்ததாகக் குறிக்கப்பட்ட கூடத்திலோ நாற்பது பேருக்கு மேல் உட்கார இடமில்லை. விசாரித்தபோது, சங்கப் பையன் புத்தகத்தைத் தறிக்குத் தறி எடுத்துச் சென்று ஒப்பம் வாங்கி வந்தது தெரிந்தது. ஒப்பமிட்டவர்களில் ஒருவரேனும் தீர்மானம் இன்னதென்று கேட்டாரா என்றேன். "நாடாவை நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டதே பெரிது, ஐயா" என்றார் காரியதரிசி.

அன்று மாலை அச்சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர் பஸ் நிற்குமிடம் வரை என்னுடன் நடந்து வந்தார். "2030-க்குள் நாட்டில் இன்னின்னது நடந்தாக வேண்டும் என்று சர்க்கார் திட்டம் போட்டிருக்கிறதாமே, ஐயா. எங்களை யார் கேட்டார்கள்?" என்று வினவினார். நியாயமான கேள்வி. ஆயினும் காலையில் நான் கண்ட கையெழுத்துகளில் அவருடையதும் ஒன்று என்பது நினைவுக்கு வந்தது. விடை சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அன்று சொல்லாமற்போன விடையையே இங்கு எழுதுகிறேன்.

இலக்குகள் எவை?

2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபையில் உலக நாடுகள் கூடி, 17 இலக்குகளையும் அவற்றின் உட்பிரிவுகளாக 169 குறியளவுகளையும் ஏற்றுக்கொண்டன. நீடித்த நிலையான வளர்ச்சி இலக்குகள் என்பது இவற்றின் பெயர். 2030-க்குள் எய்த வேண்டும் என்பது தவணை. வறுமை ஒழிப்பு, பசிப்பிணி நீக்கம், தூய குடிநீர், கண்ணியமான வேலை, நிலத்தின் உயிர்வளம் என்று பட்டியல் செல்கிறது. பதினேழு தலைப்புகளில் எதிலும் கைத்தறி என்ற சொல் இல்லை. கண்மாய் என்ற சொல்லும் இல்லை. ஆயினும் இரண்டும் உள்ளே இருக்கின்றன. சிறு உற்பத்தியாளரின் வருவாயைப் பெருக்குவது இரண்டாம் இலக்கில் வருகிறது. சிறு தொழிலுக்குக் கடன் வசதி எட்டாம் இலக்கில் வருகிறது. சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலப்பது ஆறாம் இலக்கைச் சார்ந்தது. 2019-20-இல் நடந்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். ஆகவே பெண்கள் நிலை பற்றிய ஐந்தாம் இலக்கும் நம்முடையதே.

நமது அங்கத்தினர் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. பதினாறாம் இலக்கின் ஏழாம் பிரிவு, எல்லா நிலைகளிலும் முடிவெடுப்பதில் மக்களுக்குப் பங்கிருக்க வேண்டும் என்கிறது. ஆறாம் இலக்கின் ஒரு பிரிவு, நீர் நிர்வாகத்தில் உள்ளூர் மக்களின் பங்கை வலுப்படுத்த வேண்டும் என்கிறது. அதாவது "எங்களை யார் கேட்டார்கள்?" என்று கேட்கும் உரிமை திட்டத்துக்கு வெளியே இல்லை, திட்டத்தின் வாசகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நம் நாட்டில் இவ்விலக்குகளை மேற்பார்வை செய்வது நிதி ஆயோக். 1950 முதல் இயங்கிய திட்டக் கமிஷனுக்குப் பதிலாக 2015 ஜனவரி 1 அன்று அமைந்தது இது. 2018 முதல் மாநிலங்களுக்கு மதிப்பெண் இட்டு வருகிறது. 2023-24 அட்டவணையில் நாட்டின் மதிப்பெண் 71. தமிழ்நாட்டின் மதிப்பெண் 78. இதில் பெருமைப்பட இடமுண்டு. ஆனால் தணிக்கையில் 'அ' வகுப்புப் பெற்ற சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு ஒழுங்காக இருக்கும், இலாபம் இருக்கும், அங்கத்தினர் வீட்டில் பாவு இல்லாமல் தறி மூன்று மாதம் சும்மா கிடக்கும். சராசரி எண் என்பது மேலிருந்து பார்ப்பவருக்கு உதவுவது. சும்மா கிடக்கும் தறியை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

கேட்டதுண்டு

திட்டமிடுவோர் ஒருநாளும் மக்களைக் கேட்டதில்லை என்று சொல்லுவது வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையன்று. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவு 1951 ஜூலையில் வெளியிடப்பட்டுப் பொதுமக்களின் விவாதத்துக்கு விடப்பட்டது. இறுதித் திட்டம் 1952 டிசம்பரில்தான் வந்தது. ஓராண்டுக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் திட்டத்துக்காக 1954 ஏப்ரலில் திட்டக் கமிஷன் மாநில அரசாங்கங்களுக்கு எழுதி, மாவட்டத் திட்டங்களும் கிராமத் திட்டங்களும் தயாரிக்கச் சொன்னது. முக்கியமாக எவற்றைப் பற்றி? விவசாய உற்பத்தி, கிராமத் தொழில்கள், கூட்டுறவு. இம்மூன்றும் இப்பத்திரிகையைப் படிப்பவர்களின் பிழைப்பேயாகும். எழுபதாண்டுக்கு முன்பே நம்மைக் கேட்டிருக்கிறார்கள்.

அண்மைக் காலத்திலும் கேட்டதுண்டு. 2020-இல் இவ்விலக்குகளைப் பற்றிய தேசிய அறிக்கையைத் தயாரிக்கையில் நிதி ஆயோக் ஐம்பதுக்கு மேற்பட்ட கலந்தாய்வுகளை நடத்தியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொண்டு அமைப்புகள் பங்குகொண்டன. நமக்கு இன்னும் நெருங்கிய சான்று வேண்டுமாயின், 2025 ஜூலை 24 அன்று வெளியான தேசியக் கூட்டுறவுக் கொள்கையைச் சொல்லலாம். திரு. சுரேஷ் பிரபு தலைமையில் 48 பேர் கொண்ட குழு 17 முறை கூடிற்று. நான்கு மண்டலப் பயிலரங்குகளை நடத்திற்று. அக்குழுவுக்கு வந்த ஆலோசனைகள் 648. நாட்டிலுள்ள கூட்டுறவுச் சங்கங்களோ எட்டு லட்சத்துக்கு மேல்!

இந்த 648-இல் எனது சரகத்துச் சங்கம் ஒன்றேனும் உண்டா என்று சென்ற ஆண்டு போகுமிடமெல்லாம் கேட்டேன். எழுதியதாகச் சொன்னவர் ஒருவருமில்லை. கொள்கை வகுக்கப்படுவதே தெரியாது என்றவர்களே மிகுதி. தெரிவிக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். ஆதலால் இக்குறையில் என் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மேலூரில் நடந்தது

கேளாமல் வந்த திட்டம் ஒன்றை நமது மாவட்டமே அண்மையில் கண்டது. அதைச் சற்று விரிவாக நோக்குவோம். அரசாங்க ஊழியனாகிய நான் சுரங்கக் கொள்கை நன்றா தீதா என்று கூறப்புகுவது முறையன்று. கேட்பதும் விடையளிப்பதும் எவ்வாறு நடந்தன என்ற அளவில் நின்றுகொள்கிறேன்.

டங்ஸ்டன் என்பது மிகக் கடினமான உலோகம். வெட்டும் கருவிகளுக்கும் பாதுகாப்புத் தளவாடங்களுக்கும் பயன்படுவது. 2023-இல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. அதே ஆண்டில் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், இத்தகைய கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசாங்கத்துக்கு அளித்தது. அதன்படி மேலூர் வட்டத்தில் 2,015 ஹெக்டேர் பரப்பு, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரால் ஏலம் விடப்பட்டது. 2024 நவம்பர் 7 அன்று ஏலத்தில் வென்ற நிறுவனம் அறிவிக்கப்பட்டது.

பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது முதல் அத்தண்ணீரை எதிர்பார்த்து வாழும் பூமி மேலூர். ஒருபோகப் பாசனம், கால்வாயில் தண்ணீர் வரத் தாமதித்தால் கண்மாயும் கிணறுமே கதி. அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள் இருப்பதாக அரசாங்கக் குறிப்பே சொல்கிறது. ஏறக்குறைய 250 வகைப் பறவைகளும், தமிழி எழுத்துக் கல்வெட்டும், பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலும் உண்டு. இவற்றையெல்லாம் கருதித் தமிழ்நாடு அரசாங்கம் 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் சுமார் 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தது. மாநிலத்தில் அத்தகைய முதல் தலம் அதுவே. ஏலத் தொகுதியின் எல்லை இந்தத் தலத்தையும் உள்ளடக்கியிருந்தது.

மத்திய அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கத்துக்கும் இடையே கடிதங்கள் நடந்தன. யார் எப்போது எதைத் தெரிவித்தார் என்பது பற்றிப் பின்னர் இரு தரப்பும் வாதிட்டன. அதற்குள் நான் புகவில்லை. அக்கடிதங்கள் அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடந்தவை. உழுகிறவன் பெயருக்கு எழுதப்பட்டவை அல்ல. இதில் சட்ட மீறலும் இல்லை என்பதே வருந்தத்தக்கது. பழங்குடியினருக்கான ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் கிராம சபைக்குத் தனி அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் அவ்வட்டவணையில் சேர்ந்த பகுதியே கிடையாது. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி நடத்தப்படும் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் ஏலத்துக்குப் பின்னரே வரும். பெண்ணை நிச்சயம் செய்து முடித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பது போன்றது இது.

ஊர்கள் என்ன செய்தன? அவ்வாண்டு நவம்பர் 1-இல் கூட வேண்டிய கிராம சபைகள் நவம்பர் 23-ஆம் நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தன. அன்று மேலூர்ப் பகுதி ஊராட்சிகள் பலவற்றில் ஏலத்தை எதிர்த்துத் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் இயற்றிற்று. டிசம்பர் 24 அன்று மத்தியச் சுரங்க அமைச்சகம், பல்லுயிர்த் தலத்தை விலக்கி எல்லையை மறுபடி ஆராயுமாறு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொண்டதாகத் தெரிவித்தது. ஊர்மக்கள் அதோடு அமையவில்லை. 2025 ஜனவரி 7 அன்று விவசாயிகள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை பெருந்திரளாக நடந்து வந்தார்கள். அம்மாதம் 23-ஆம் நாள் ஏலம் ரத்து செய்யப்பட்டது.

கிராம சபைத் தீர்மானம் ஒன்றினாலேயே ஏலம் நின்றுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சட்டப்படி அத்தீர்மானம் டில்லியைக் கட்டுப்படுத்தாது. நடந்து வந்த கால்களுக்கும், கடையடைத்த வியாபாரிகளுக்கும், சட்டமன்றத்துக்கும் பங்குண்டு. ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனியுங்கள். மத்திய அமைச்சகம் முதலில் அசைந்து கொடுத்த இடம், 2022-இல் எழுத்து மூலமாக அறிவிக்கப்பட்டிருந்த அந்த 193 ஹெக்டேர். சுனையை எண்ணி, பறவையை எண்ணி, கல்வெட்டைப் படியெடுத்துக் காகிதத்தில் ஏற்றியவர்கள் முன்பே இருந்தார்கள். அந்தக் காகிதம் இல்லாதிருந்தால், எங்கள் ஊர் நல்ல ஊர் என்ற வாய்ச்சொல் மட்டுமே எஞ்சியிருக்கும்.

இதன் தொடர்ச்சியையும் அறிந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 8-ஆம் தேதியிட்ட குறிப்பாணையால், முக்கியக் கனிமச் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்களித்தது. டங்ஸ்டன் அவற்றில் அடங்கும். இருந்த ஒரு வாயிலும் அக்கனிமங்களைப் பொறுத்தவரை சாத்தப்பட்டது. எனவே, கருத்துக்கேட்புக் கூட்டம் வரும், அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருப்பதற்கில்லை. கேட்பதற்கு முன்பே நம் சொல் பதிவாகியிருக்க வேண்டும்.

எழுதும் முறை

பதிவு செய்யும் இடம் கிராம சபை. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் அதற்கு இடமளித்தது; 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதை நிலைநாட்டிற்று. முன்பு ஆண்டுக்கு நான்கு நாட்கள் கூடிய கிராம சபை, 2022 முதல் ஆறு நாட்கள் கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் என்பதும் உண்டு. மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். தறிக்குத் தறி புத்தகம் போகும் வழக்கம் இங்கும் உண்டா என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே அறிவீர்கள். ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாராவது பெரும்பாலும் அக்டோபர் 2-ஆம் நாளை ஒட்டியே. வறுமையற்ற ஊர், நீர் நிறைந்த ஊர், மகளிர்க்கு உகந்த ஊர் என்று ஒன்பது தலைப்புகளில் அத்திட்டம் எழுதப்படும். ஐக்கிய நாடுகள் சபையில் ஏற்ற இலக்குகள் நம் ஊர்ச் சாவடிக்கு வந்து சேரும் வழி இதுதான்.

தீர்மானம் எழுதுவதில் நம்மவர் செய்யும் பிழை ஒன்றுண்டு. "எங்கள் ஊரில் தண்ணீர்க் கஷ்டம் அதிகமாக இருப்பதால் ஆவன செய்யுமாறு அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதி வைப்பார்கள். இதைப் பெறும் அலுவலருக்கு இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. "ஆவன" என்பது யாருடைய வேலை? பெற்றுக்கொண்டேன் என்று விடை எழுதிக் கோப்பில் சேர்ப்பார். அவர் மேல் தவறில்லை.

அதையே வேறு விதமாக எழுதலாம். கண்மாய் எது, அதன் ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், மடைகள் எத்தனை, எந்த மடை எந்த ஆண்டு முதல் பழுது, அதனால் எத்தனை ஏக்கர் தரிசு, அதில் பயிர்க்கடன் வாங்கியவர் எத்தனை பேர், தவணை தவறியவர் எத்தனை பேர் என்று குறிக்க வேண்டும். கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்ததா, பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையைச் சேர்ந்ததா என்பதைக் கேட்டறிந்து எழுத வேண்டும். தவறான இலாகாவுக்குப் போன தீர்மானம் திரும்பி வருவதற்குள் ஒரு போகம் போய்விடும். செய்ய வேண்டிய வேலை, செய்ய வேண்டிய காலம் ஆகியவற்றைக் கடைசி வாக்கியத்தில் சொல்லி, நகல் பெற்றுச் சங்கத்திலும் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் கூட்டுறவுச் சங்கத்தின் உபயோகம் தெரிகிறது. மேலே சொன்ன எண்களில் பாதி சங்கத்தின் பேரேட்டிலேயே இருக்கின்றன. எந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கருக்குக் கடன் கொடுத்தோம், எந்த ஆண்டு பாக்கி ஏறிற்று, எத்தனை தறிக்கு நூல் கொடுத்தோம், எத்தனை உருப்படி திரும்பி வந்தது என்பதைச் சங்கத்தைவிட நன்றாக அறிந்த அலுவலகம் ஊரில் வேறில்லை. பற்றுவரவுக்காக எழுதிய அந்த எண்களை ஊராட்சித் தலைப்பின் கீழ் எடுத்து வைத்தால் அது திட்டத்துக்கு ஆதாரமாகிறது. மகாசபையில் நிறைவேற்றிய தீர்மானத்தை அங்கத்தினர் கிராம சபையில் கொண்டுபோய் முன்மொழிவதற்குத் தடையேதும் இல்லை. மதுரை மாவட்ட ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத காலத்தில் கிராம சபையின் ஏடே ஊரின் வாய்.

நகரத்து நெசவாளருக்குக் கிராம சபை இல்லையே என்று கேட்கலாம். மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபை என்ற ஏற்பாடு 2022 நவம்பர் 1 முதல் கூடத் தொடங்கியிருக்கிறது. அது இன்னும் இளங்கன்று, வருகை சொற்பம். ஆனால் 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பகுதித் தெருக்களில் வெள்ளம் நின்றபோது, இத்தகைய கூட்டத்தின் அவசியம் பலருக்குத் தெரிந்தது. குழித்தறி வைத்திருப்பவருக்குத் தெருவில் முழங்கால் அளவு நீர் என்றால் வீட்டுக்குள் தொழிலே மூழ்கிற்று என்று பொருள். குழி காய்ந்து பாவு மறுபடி ஏறும் வரை கூலி இல்லை. சாலைச் சேதத்துக்கு அரசாங்கத்தில் கணக்குத் தலைப்பு உண்டு. தறிக்குழிச் சேதத்துக்கு உண்டா என்று கேட்டு எழுதிய தீர்மானம் ஒன்றையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

முதலிற் சொன்ன சங்கத்துக்கு மறுபடியும் போக நேர்ந்தது. மகாசபையைக் கூடத்தில் நடத்தாமல் பள்ளிக்கூட முற்றத்தில் நடத்துங்கள் என்று சொல்லியிருந்தேன், நடத்தினார்கள். மழையில் கெட்ட தறிகளைப் பற்றிய தீர்மானத்தைக் காரியதரிசி படித்தார். "பதினாறு தறிகள்" என்று படித்ததும், பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து, "பதினாறு இல்லை ஐயா, பத்தொன்பது. எங்கள் சந்தில் இருக்கும் மூன்று பெண்பிள்ளைத் தறிகளை விட்டுவிட்டீர்கள். அவை புருஷன் பேரில் இல்லை, அதனால் உங்கள் பேரேட்டில் வரவில்லை" என்றார். காரியதரிசி என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு என்னுடன் நடந்து வந்த அந்தப் பெரியவர், "அடித்துவிட்டு எழுதுங்கள், அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போடுங்கள்" என்றார். எழுதி முடித்து, முழுத் தீர்மானத்தையும் மறுபடி படித்துக் காட்டி, ஒவ்வொருவராக வந்து ஒப்பமிடுவதற்குள் இருட்டிவிட்டது. இம்முறை கையெழுத்துகள் அறுபத்து மூன்றுதான்.